கலத்துக்குத் தன் காலடித் தரை தெரியுமா?

சென்ற இதழில், உடலின் கலங்களை (செல்களை) வெளியே எடுத்து வளர்க்கும் இழைய வளர்ப்பைப் பற்றி எழுதியபோது, “கலங்களைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வளர்ப்பார்கள்” என்று ஒரே வரியில் கிண்ணத்தைக் கடந்து சென்றுவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வன்னியின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்கப்பட வேண்டிய கேள்விகள் அவை. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அந்தக் கிண்ணத்தின் தரைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கலங்களை வளர்ப்பதற்கு 37 பாகை வெப்பநிலை, 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, பொருத்தமான வளர்ப்பூடகம் ஆகியன வேண்டும் என்று படித்தோம். கலம் ஒட்டியிருக்கும் பரப்பைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. பரப்பு எதுவாக இருந்தாலும் ஒன்றுதானா?
*— உயர்தர உயிரியல் மாணவி, முள்ளியவளை*

பதில்: ஒன்றல்ல. இரத்தக் கலங்களைப் போன்ற சிலவற்றைத் தவிர, விலங்குக் கலங்களுள் பெரும்பாலானவை எதையாவது பற்றிக்கொண்டுதான் உயிர்வாழ்கின்றன. பற்றிக்கொள்ளும் பரப்பு எவ்வளவு இறுக்கமானது என்பது அவற்றின் வடிவத்தையும், நகர்வையும், பெருக்கத்தையும், சில வேளைகளில் அவை எந்த வகைக் கலமாக மாறும் என்பதையும் கூட மாற்றிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் வெப்பநிலைக்கும் வாயுவுக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பௌதிகவியலில் நீங்கள் படித்த யங்கின் மட்டுதான் இங்கும் அளவுகோல், அலகு பஸ்கால். 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்பிய பாத்திரத்தின் அடியில் நீரால் ஏற்படும் அமுக்கம் ஏறத்தாழ 1 கிலோபஸ்கால். யங்கின் மட்டு 10 கிலோபஸ்காலாக உள்ள ஒரு ஜெலித் துண்டின் மேல் அதே அளவு தகைப்பைக் கொடுத்தால், அதன் உயரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஓய்வில் இருக்கும் தசையின் இறுக்கம் ஏறத்தாழ இந்த 10 கிலோபஸ்கால்தான். மூளை இழையமோ 1 கிலோபஸ்கால் அளவில், அல்லது அதற்கும் கீழே இருக்கிறது. இனி, அந்தக் கலங்களை நாம் எதன் மேல் விடுகிறோம் என்று பாருங்கள். வளர்ப்புக் கிண்ணம் பொலிஸ்டைரீனால் ஆனது. முல்லைத்தீவுக் கரையில் மீன் அடுக்கும் ரெஜிபோம் பெட்டியும் அதே பொருள்தான். பெட்டியில் அது காற்றறைகள் நிறைந்து நுரையாக இருக்கிறது, கிண்ணத்தில் கண்ணாடியைப் போலத் திண்மையாக இருக்கிறது. அந்தத் திண்மப் பொலிஸ்டைரீனின் யங்கின் மட்டு ஏறத்தாழ 3 கிகாபஸ்கால், அதாவது 30 இலட்சம் கிலோபஸ்கால். தசைக் கலத்துக்கு அது தன் சொந்த வீட்டை விட மூன்று இலட்சம் மடங்கு இறுக்கமான தரை. மூளைக் கலத்துக்கு முப்பது இலட்சம் மடங்கு. தெளிவாகத் தெரிகிறது, கிருமி நீக்க முடிகிறது, மலிவாகக் கிடைக்கிறது என்பவற்றுக்காகத்தான் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தார்கள். உடலை ஒத்திருக்கிறதா என்ற கேள்வி அந்தத் தேர்வில் இடம்பெறவே இல்லை. 1887 இல் யூலியஸ் ரிச்சர்ட் பெத்திரி தன் கிண்ணத்தை அமைத்ததும் பற்றீரியாக்களுக்காகவே.

இதைத் தெளிவாகச் சோதித்தவர்கள் ராபர்ட் பெல்ஹாமும் யூ-லி வாங்கும். 1997 இல் அவர்கள் பொலிஅக்கிரைலமைட்டு ஜெல்களின் மேல், இழையங்களைப் பிணைக்கும் புரதமான கொலாஜனைப் பூசி, வேதியியல் முறையில் ஒன்றாகவே இருந்தும் இறுக்கத்தில் மட்டும் வேறுபட்ட தரைகளை உருவாக்கினார்கள். இறுக்கமான ஜெலின் மேல் கலங்கள் நன்கு பரந்து, நிலையான பற்றுப்புள்ளிகளை அமைத்தன. மென்மையானதன் மேல் அவை குறைவாகவே பரந்தன, கூடுதலாக அலைந்தன. பற்றுப்புள்ளிகளும் உருவாவதும் கலைவதுமாக நிலையின்றி இருந்தன.

அதைவிட என்னை ஆழமாகத் தொட்டது 2006 இல் வெளிவந்த ஆய்வு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் டிஷரின் ஆய்வுகூடத்தில் ஆடம் எங்லரும் சகாக்களும், பத்திரிகைகள் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதும் குருத்துக் கலங்களை எலும்பு மச்சையிலிருந்து எடுத்து, ஒரே ஊடகத்தில், மூன்று விதமான தரைகளில் வளர்த்தார்கள். 0.1 முதல் 1 கிலோபஸ்கால் வரையான, மூளையை ஒத்த தரையில் அவை கிளைவிட்டு நரம்புக் கலங்களின் சாயலைப் பெற்றன. 8 முதல் 17 வரையான தரையில் நீண்டு தசைக் கலங்களின் அடையாளங்களைக் காட்டின. 25 முதல் 40 வரையான தரையில், அதாவது கல்சியம் இன்னும் படியாத இளம் எலும்பை ஒத்த தரையில், எலும்பாக்கும் கலங்களின் குறிகளைக் காட்டின. ஊடகத்தில் எந்தச் சிறப்பு மருந்தும் சேர்க்கப்படவில்லை. வேறுபட்டது தரை மட்டுமே.

இதயத் தசைக் கலங்களிலும் இதைக் கண்ணால் காணலாம். முளைய நிலையில் எடுத்த அக்கலங்கள் இதயத்தின் இயல்பான இறுக்கத்தை ஒத்த தரையில் ஒழுங்காகவும் நீண்ட நேரமும் துடிக்கின்றன. மாரடைப்புக்குப் பின் உண்டாகும் வடுவை ஒத்த கடினமான தரையில் வீணே இழுத்து இழுத்து, நாளடைவில் துடிப்பை நிறுத்திவிடுகின்றன என்று 2008 இல் அதே குழு காட்டியது.

கேள்வி: வயலில் இறங்கியதும் மண் பதமா இல்லையா என்று என் கால் சொல்லிவிடும். கலத்துக்குக் காலும் இல்லை, நரம்பும் இல்லை. தரை இறுக்கமா மென்மையா என்று அதற்கு எப்படித் தெரியும்?
*— விவசாயி, ஒட்டுசுட்டான்*

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன், ஏனென்றால் இந்தத் துறையின் நடுக்கேள்வி இதுதான். கலம் தரையை இழுத்துப் பார்க்கிறது என்பதே விடை.

அந்த இழுவையைக் கண்ணுக்குக் காட்டியவர் ஆல்பர்ட் ஹாரிஸ். 1980 இல் அவரும் அவருடைய சகாக்களும் சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பில் ஒரு கணம் சுவாலையைக் காட்டி, மிக மெல்லிய இறப்பர்ப் படலத்தை உண்டாக்கினார்கள். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படியுமே, அதைப் போன்றது அது. அந்த ஆடையை விரல் நுனியால் மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தினால், விரலுக்கு முன்னே நுண்ணிய சுருக்கங்கள் வரிசையாக எழும். ஹாரிஸின் படலத்தின் மேல் விட்ட, இழையங்களில் கொலாஜன் நாரைச் சுரக்கும் நாரரும்பர்க் கலங்கள், விரல் எதுவும் இல்லாமலே, தம்மைச் சுற்றி அதே போன்ற சுருக்கங்களை எழுப்பின. நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒவ்வொரு கலமும் தன் காலடித் துணியைத் தன்னை நோக்கிச் சேர்த்து இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

இனி, இழுப்பதால் எப்படித் தெரியும் என்பதற்கு வருவோம். எருமை கட்டும் கயிற்றின் ஒரு முனையை முற்றிய பனையில் கட்டி, மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கயிறு உடனே விறைக்கும். கையில் பாரம் கணத்தில் ஏறும். அதே கயிற்றை இளம் முருங்கைக் கன்றில் கட்டி அதே வேகத்தில் இழுத்தால், கன்று கூடவே வளைந்து வரும். கையில் பாரம் ஏறத் தாமதமாகும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எது பனை, எது முருங்கை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கலத்திலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கிறது. கலமென்சவ்வில் உள்ள இன்டகிரின் என்ற புரதங்கள் வெளியே உள்ள கொலாஜன் போன்றவற்றைக் கொக்கியாகப் பற்றுகின்றன. உள்ளே அக்டின் இழைகளை மயோசின் இழுக்கிறது; தசையைச் சுருக்குகிற அதே வகைப் புரதம்தான். கொக்கிக்கும் இழைக்கும் இடையே தாலின் என்ற நீண்ட புரதம் மடிந்து கிடக்கிறது. கொக்கிகள் நிலையானவை அல்ல; சிறிது நேரம் பற்றியிருந்து தாமாகவே கழன்றுவிடும். தரை இறுக்கமாக இருந்தால், கழல்வதற்கு முன்னரே பாரம் ஏறி, தாலினின் மடிப்புகள் விரிந்து, அவற்றுக்குள் மறைந்திருந்த இடங்களில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டி, பற்று பலமாகிறது. தரை மென்மையாக இருந்தால் பாரம் ஏறுமுன் கொக்கி கழன்றுவிடுகிறது. தாலின் மடிந்தபடியே கிடக்கிறது.

இந்தச் செய்தி கலத்தின் கருவுக்கும் போய்ச் சேர்கிறது. இத்தாலியின் பாதுவா நகரில் ஸ்டெபனோ பிக்கோலோவின் குழு 2011 இல் காட்டியபடி, இறுக்கமான தரையில் பரந்து நிற்கும் கலங்களில் ‘யாப்’ என்ற புரதம் கருவுக்குள் சென்று பெருக்கத்துக்கான பரம்பரை அலகுகளைத் தூண்டுகிறது. மென்மையான தரையில் அது கருவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால், முதலாவதில் கரு விளக்கேற்றியது போல் தெரியும். இரண்டாவதில் கரு மங்கி, சுற்றுப்புறம் வெளிறி ஒளிரும்.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஜெலில் ஒரு பக்கம் மென்மையாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் அமைத்தால், நாரரும்பர்க் கலங்கள் மென்மையான பக்கத்திலிருந்து இறுக்கமான பக்கத்துக்கு நகர்ந்து போகின்றன. மறுதிசையில் வந்தவை எல்லையில் திரும்பிவிடுகின்றன. 2000 ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார்கள். சேற்றுக்குள் நடப்பவர் வரம்பைத் தேடி ஏறுவதைப் போன்றது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் கலம் எதையும் தேடவில்லை; இறுக்கமான பக்கத்துப் பற்று நிலைக்கிறது, மற்றப் பக்கத்துப் பற்று கழல்கிறது, அவ்வளவில் உடல் அந்தப் பக்கம் இழுபட்டுப் போகிறது.

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் ஏகாரும் ஜெலற்றினும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே மென்மையான தரையை அமைக்கலாமா? பொலிஅக்கிரைலமைட்டு ஜெலைச் செய்வது கடினமா?
*— ஆய்வுகூட உதவியாளர், கிளிநொச்சி*

பதில்: ஏகாரில் விலங்குக் கலத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இயல்பான கலங்கள் அதில் உருண்டு, பெருக்கத்தை நிறுத்திவிடும். புற்றுத்தன்மை பெற்ற கலங்கள் பல அதற்குள்ளும் திரளாக வளரும். இந்த வேறுபாட்டையே சோதனையாக்கி 1964 இல் இயன் மக்பர்சனும் லூக் மொன்தான்யேயும் வெளியிட்டார்கள். இன்றும் அந்தச் சோதனை வழக்கில் இருக்கிறது. ஜெலற்றின் 37 பாகையில் உருகிவிடும். குறுக்குப் பிணைப்பு ஏற்றாமல் அது தரையாக நிற்காது.

பொலிஅக்கிரைலமைட்டு, புரதங்களை மின்புலத்தில் நகர்த்திப் பிரிக்கும் முறையில் பயன்படுத்தும் அதே ஜெல்தான். அக்கிரைலமைட்டு நீண்ட சங்கிலியாகிறது. பிஸ்அக்கிரைலமைட்டு சங்கிலிகளைக் குறுக்கே கட்டுகிறது. இரண்டின் அளவுகளை மாற்றி, நூறு பஸ்கால் முதல் பல பத்துக் கிலோபஸ்கால் வரை எந்த இறுக்கத்தையும் பெறலாம். உறையாத அக்கிரைலமைட்டு நரம்பு நஞ்சு என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள்: தூளை நிறுப்பதைத் தவிர்த்து ஆயத்தக் கரைசலை வாங்குங்கள், கையுறையின்றித் தொடாதீர்கள், உறைந்த ஜெலையும் தாங்கற்கரைசலில் பல மணி நேரம், கரைசலை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். ஒட்சிசன் உறைதலைத் தடுப்பதால், கலவையிலுள்ள காற்றை முன்னரே வெற்றிடத்தில் அகற்ற வேண்டும். உறைந்த ஜெலில் எந்தப் புரதமும் தானாக ஒட்டாது என்பதால், புறவூதா ஒளியில் தூண்டப்படும் இணைப்பானைப் பூசி, அதன் மேல் கொலாஜனைப் பிணைக்க வேண்டும்.

தடிப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் இரண்டு வாரங்களை இழந்தேன். 18 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடி மூடியில் 25 மைக்குரோலீற்றர் துளியை விட்டு, மேலே இன்னொரு மூடியை வைத்தால், ஜெலின் தடிப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீற்றராக அமையும். நான் மேல் மூடியை இடுக்கியால் அழுத்தினேன். கலவையில் பெரும்பகுதி ஓரத்தால் பிதுங்கி வெளியேறியது. அதைக் கவனிக்காமல் கலங்களை விட்டேன். 1 கிலோபஸ்கால் ஜெலில் உருண்டு நிற்க வேண்டிய கலங்கள், கண்ணாடியில் நிற்பவை போலவே தட்டையாகப் பரந்து, குறுக்கே தடித்த அக்டின் நாண்களுடன் நின்றன. ஊடகத்தைச் சந்தேகித்தேன், கொலாஜனைச் சந்தேகித்தேன், கலங்களையே மாற்றினேன். கடைசியில் நுணுக்குக்காட்டியின் குவியத்தை ஜெலின் மேற்பரப்பிலிருந்து கண்ணாடி வரை மெதுவாக இறக்கி, கைப்பிடியின் அளவுக்கோடுகளை எண்ணியபோதுதான், தடிப்பு பத்து மைக்குரோமீற்றரைக் கூடத் தொடவில்லை என்பது தெரிந்தது. கலம் தன் இழுவையால் சில மைக்குரோமீற்றர் முதல் பத்து இருபது மைக்குரோமீற்றர் ஆழம் வரை உணர்கிறது. மெல்லிய ஜெலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி அதற்கு எட்டிவிடுகிறது. வயலின் மேல்மண் எவ்வளவு இளகியிருந்தாலும், ஒரு சாண் ஆழத்தில் பாறை இருந்தால் கலப்பைக்குத் தெரியாமல் போகுமா? ஆகவே தடிப்பை ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். இறுக்கத்தையும் அப்படியே: பிறர் எழுதிய கலவை அட்டவணையை நம்பி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல், உங்கள் ஜெலை நீங்களே அளந்த பிறகு எழுதுங்கள்.

கேள்வி: வாழை இழைய வளர்ப்பில் ஏகார் கூடினாலும் குறைந்தாலும் கன்றுகள் கெடுகின்றன. அதுவும் இதே காரணத்தாலா?
*— விவசாய பீட மாணவர், அறிவியல் நகர்*

பதில்: பெரும்பாலும் வேறு காரணம். தாவரக் கலத்துக்குக் கலச்சுவர் உண்டு. விலங்குக் கலம் போல் அது தரையை இழுத்துப் பார்ப்பதில்லை. ஏகார் குறைந்தால் நீர் தாராளமாகக் கிடைத்து, இலைகள் கண்ணாடி போல் நீர்கோத்துப் போகும். கூடினால் நீரும் போசணையும் மெதுவாக வந்து வளர்ச்சி மந்தமாகும். அங்கே முதலில் கவனிக்க வேண்டியது நீர்.

கேள்வி: அப்பாவின் ஈரலை ஸ்கேன் செய்து, அறிக்கையில் கிலோபஸ்கால் என்று ஓர் இலக்கம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதும் இறுக்கமும் இதுவும் ஒன்றா?
*— வாசகி, வவுனியா*

பதில்: ஆம், அதே அளவுதான். அந்தக் கருவி தோலின் மேலிருந்து ஒரு மெல்லிய அதிர்வை அனுப்பி, அது ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கிறது. இறுக்கமான இழையத்தில் அலை வேகமாகச் செல்லும். வேகத்திலிருந்து கிலோபஸ்காலைக் கணிக்கிறார்கள். நலமான ஈரலில் அது பொதுவாக 5 ஐ அண்டியே இருக்கும். வடுப்படர்ந்த ஈரலில் பல மடங்கு உயரும். ஆனால் ஈரல் அழற்சியாலும், சோதனைக்குச் சற்று முன் சாப்பிட்டிருந்தாலும் கூட இலக்கம் ஏறும். ஆகவே அந்த ஒற்றை இலக்கத்தை வைத்து வீட்டில் நீங்கள் கலங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனைகளுடன் சேர்த்து அதை வாசிக்க வேண்டியவர் அப்பாவைப் பார்க்கும் வைத்தியர்.

உங்கள் கேள்வி நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. ஈரலில் விண்மீன் வடிவக் கலங்கள் சில, விற்றமின் ஏயைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கின்றன. காயம் ஏற்பட்டால் இவையே வடுநாரைச் சுரக்கும் கலங்களாக மாறுகின்றன. இவற்றை ஈரலிலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் விட்டால், எந்த நச்சும் கொடுக்காமலே, சில நாட்களில் அதே மாற்றம் தொடங்கிவிடும். ஈரலை ஒத்த மென்மையான ஜெலில் விட்டால் அமைதியாகவே இருக்கும். எலிகளில் செய்த ஆய்வொன்று, ஈரல் வடு பெருகுவதற்கு முன்னரே இறுக்கம் ஏறத் தொடங்குவதை 2007 இல் காட்டியது. இறுக்கம் வடுவை வளர்க்க, வடு இறுக்கத்தை வளர்க்கிறது. அந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதே இன்று இந்த நோயை ஆராய்கிறவர்களின் பெரிய வேலை.

கேள்வி: அப்படியானால் இதுவரை பிளாஸ்டிக்கில் வளர்த்துக் கண்டறிந்தவை எல்லாம் பிழையா? மாணவர்களுக்கு நான் என்ன சொல்வது?
*— விஞ்ஞான ஆசிரியர், மாங்குளம்*

பதில்: எல்லாம் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். 1949 இல் ஜோன் எண்டர்ஸ், தோமஸ் வெல்லர், பிரடெரிக் ராபின்ஸ் ஆகிய மூவரும் போலியோ வைரசை நரம்பு அல்லாத மனித இழையங்களில் கண்ணாடிக் கலன்களில் வளர்த்துக் காட்டியதால்தான் தடுப்பு மருந்து வந்தது. 1954 இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வைரஸ் கலத்துக்குள் பெருகுகிறதா என்ற கேள்விக்குத் தரை பெரிய தடையாக இருக்கவில்லை. கலத்தின் வடிவம், நகர்வு, எதுவாக மாறும், எந்த மருந்துக்கு எவ்வளவு இணங்கும் என்ற கேள்விகளில்தான் தரையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

இறுக்கத்தின் பங்கைப் பற்றியும் விவாதம் நடந்தது. மென்மையான ஜெலில் கொலாஜன் தளர்வாகக் கட்டப்பட்டிருப்பதால்தான் கலம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்று 2012 இல் ஒரு குழு வாதிட்டது. கொலாஜன் கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் ஜெலின் துளையளவையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தும் இறுக்கத்தின் விளைவு நிற்கிறது என்று 2014 இல் எங்லரின் குழு பதில் தந்தது. அதற்குப் பிறகு, உடலின் இழையங்கள் வெறும் இறப்பர் அல்ல, சேற்றைப் போல மெதுவாக இளகிக் கொடுப்பவை, ஆகவே இளகும் வேகமும் முக்கியம் என்பது தெரியவந்திருக்கிறது. தட்டையான தரையில் கிடைக்கும் முடிவு, கலத்தை நாற்புறமும் ஜெல் சூழ்ந்திருக்கும்போது மாறிவிடுவதும் உண்டு.

மாணவர்களுக்குச் சொல்ல எனக்குப் பிடித்த உதாரணம், ஸ்டான்போர்டில் ஹெலன் பிளாவின் குழு 2010 இல் வெளியிட்ட ஆய்வு. தசையைப் புதுப்பிக்கும் குருத்துக் கலங்களை எலியிலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக்கில் வளர்த்தால், அவை சில நாட்களிலேயே அந்தத் திறனை இழந்துவிடும். 12 கிலோபஸ்கால் ஜெலில், அதாவது தசையின் இறுக்கத்தில், ஒரு வாரம் வளர்த்த கலங்களை எலியின் தசைக்குள் திரும்பச் செலுத்தியபோது, அவை அங்கே ஊன்றி வேலை செய்தன.

கூடவே 2014 இல் கிறிஸ்டி ஆன்செத்தின் குழு கண்டதையும் சொல்லுங்கள். குருத்துக் கலங்களைச் சில நாட்கள் இறுக்கமான தரையில் வைத்து மென்மைக்கு மாற்றினால் ‘யாப்’ கருவிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. பத்து நாட்கள் இறுக்கமான தரையில் வைத்த பின் மாற்றினால் அது கருவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஓர் ஆய்வறிக்கையை வாசிக்கும்போது கலங்கள் எந்தத் தரையில் சோதிக்கப்பட்டன என்பதை மட்டும் தேடினால் போதாது. அதற்கு முன் அவை எத்தனை நாட்கள் பிளாஸ்டிக்கில் வளர்ந்தன என்பதையும், செய்முறைப் பகுதியில் விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள்.